ஆலந்தாங்கல் தொகுதியின் கடைசிச் செயலாளர்

உத்தமனின் உயிர் பிரிந்தது வியாழக்கிழமை இரவின் கடைசியிலா, வெள்ளிக்கிழமை விடியலின் தொடக்கத்திலா என்பது சரியாக நினைவில் இல்லை. தெருவில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது என்கிறார்கள் சிலர்; அது முதல்நாள் மழையின் ஈரம்தான் என்கிறார்கள் மற்றவர்கள். இந்தக் கதையில் இன்னும் சில இடங்களிலும் அப்படியொரு கலங்கல் இருக்கக்கூடும். ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பிணம் தெருவைத் தாண்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சனிப் பிணம் தனியாகப் போகாது. சனிக்கிழமை எடுத்தால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்ப வேண்டும். கட்டி அனுப்பினாலும் தெருவிலுள்ள வயசாளிகள் கொஞ்ச நாளைக்குச் சரியாகத் தூங்க மாட்டார்கள்.

உத்தமனின் மகன் எழிலுக்குக் கோழியைப் பற்றிய கவலை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த அவன், வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டிக்குள் அப்பாவைப் படுக்கவைத்து, பிளக்கைச் செருகி, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் வெளியே வந்து வாசலில் நின்றான். அம்மா பின்னாலேயே வந்தாள். பஞ்சவர்ணம் அதுவரை அழவில்லை. அழுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருப்பவள் போல அவள் முகம் இறுகியிருந்தது.

"கொடிக்குச் சொல்லிட்டியா, எயிலு?" என்றாள்.

அவள் புருஷனின் கட்சியை ஒருநாளும் விரும்பியதில்லை. வேளை கெட்ட வேளையில் ஆட்களைக் கூட்டிவந்து சோறு போடச் சொன்ன கட்சி அது. முதல் பிரசவத்தில் அவள் வலியில் கிடந்தபோது புருஷனை ஏதோ மாநாட்டுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன கட்சி. அந்தக் குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. ஆனால் கட்சிப் பாட்டு எங்கே கேட்டாலும் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். அப்படிப்பட்டவள் கையைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாகக் கிடந்த உத்தமன் கேட்டார்: கொடி போர்த்தாமல் என்னைத் தூக்கக் கூடாது, பஞ்சு. அவள் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தாள். எழில் கதவருகில் நின்று பார்த்தான். புருஷன் மனைவிக்குள் அப்படியொரு நெருக்கத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால், அங்கே நிற்பது தப்பு என்று தோன்றி நகர்ந்துவிட்டான்.

பரணில் கட்சிக் கொடிகள் மூட்டையாகக் கிடந்தன. ஆனால் அவற்றில் ஒன்றை எடுத்துப் போர்த்துவது நடக்காத காரியம். கட்சிக்காரன் செத்தால் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் கொடியோடு வர வேண்டும். விரித்து, கழுத்தளவுக்குப் போர்த்தி, அதன்மேல் மாலை வைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் கொடியை வீட்டாரே போர்த்துவது, மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் பெண் தானே தாலியை எடுத்துக் கட்டிக்கொள்வதைப் போல. உத்தமனே எத்தனையோ சாவுகளுக்குக் கொடி கொண்டுபோனவர். அந்த முறை இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கொடி இல்லாமல் போனால் அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் எதுவென்றால், உத்தமன் பொறுப்பிலிருந்த தொகுதி இப்போது இல்லை.

ஆலந்தாங்கல் இன்றைக்கு ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். திருவேற்காட்டிலிருந்து வரும் ஷேர் வேன்களில் ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறார்கள். பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடையும் டைல்ஸ் கடையும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அது சட்டமன்றத் தொகுதி, அதுவும் தனித்தொகுதி. கூவத்தின் கரையில் தொடங்கி ஏரிக்கரைகள் வழியாக ஆவடிப் பக்கம் வரைக்கும் பரந்து கிடந்த நெல் வயல்கள், செங்கல் சூளைகள், காலனிகள். மற்ற நாளெல்லாம் காலனிக்குள் கால் வைக்காதவர்கள் தேர்தல் வந்தால் காலனியிலிருந்துதான் ஊர்வலத்தைத் தொடங்கினார்கள், ஏனென்றால் வேட்பாளரே ஒரு காலனிக்காரர். உத்தமன் மீசை முளைக்கும் வயதில் பசை வாளி தூக்கினார். பிறகு சுவரில் சுண்ணாம்பு அடித்தார். பிறகு வேட்பாளருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாற்பதாவது வயதில் தொகுதிச் செயலாளர் ஆனார். கட்சி அங்கே ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

ஜெயித்த முறை ஒன்றில் ஒரு காரியம் நடந்தது. அதற்கு முன்பு காலனிப் பிணங்களுக்குப் பாதை கிடையாது. பயிர் நிற்கும் மாதங்களில் வயல்காரர்கள் வரப்பில் விட மாட்டார்கள். பாடையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏரித் தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். உத்தமனின் அப்பா அப்படிப் போனவர்தான். நடுத்தண்ணீரில் ஒருவனுக்குக் கால் வழுக்க, பாடை சாய்ந்து, பிணத்தின் முகத்தில் தண்ணீர் ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் உத்தமன் எம்.எல்.ஏ. வீட்டு வாசலே கதி என்று கிடந்து, தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, அந்தப் பாதையை வாங்கினார். மண் கொட்டி, மேடேற்றி, தார் போட்ட பாதை. ஆலந்தாங்கல் தொகுதி தன் ஆயுளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு மறுசீரமைப்பு வந்தது. எங்கேயோ ஒரு மேசையில் வரைபடத்தை விரித்து, ஜனத்தொகையைக் கணக்குப் போட்டு, ஆலந்தாங்கலை மூன்று துண்டாக வெட்டி மூன்று பக்கம் கொடுத்துவிட்டார்கள். உத்தமன் அதை டீக்கடைப் பேப்பரில் படித்தார். கோடு ஏரிக் கால்வாயின் மேல் போயிருந்தது. காலனி தெற்கே ஒரு தொகுதி. சுடுகாடு வடக்கே இன்னொரு தொகுதி. சில வருஷம் கழித்து, கால்வாயை ஒட்டியே நானூறடி ரோடும் வந்து, தாளில் மட்டும் இருந்த கோட்டை மண்ணிலும் போட்டுவிட்டது. சுடுகாட்டுப் பாதை அந்த ரோட்டுக்கு அடியில் ஒரு சப்வேயாகக் குனிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தது.

அவருடன் இருந்தவர்கள் எல்லோரும் புதுத் தொகுதிகளில் ஒண்டிக்கொண்டார்கள். அவர் மாட்டேன் என்றார். ஜனம் அங்கேயேதானே இருக்கிறது, தொகுதி எப்படி இல்லாமல் போகும் என்பது அவருடைய கேள்வி. பழைய லெட்டர்பேடிலேயே மனு எழுதினார். கல்யாணப் பத்திரிகைகளில் பழைய பதவியைப் போடச் சொன்னார். இல்லாத ஊருக்கு ராஜா என்று இளவட்டங்கள் கேலி செய்தார்கள். எழிலும் ஒருமுறை, கோபத்தில், அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறான். அப்பா அன்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போனார் என்று தெரியவில்லை, வரும்போது செருப்பெல்லாம் ஏரிச் சேறு.

வடக்குத் தொகுதிப் பொறுப்பாளர் திருவேங்கடத்துக்கு எழில் முதலில் போன் செய்தான். அவர் வருத்தப்பட்டார். உத்தமனைப் போல ஓர் ஆள் இனி வருவானா என்றார். பிறகு வீடு எங்கே என்று கேட்டார், தெரியாதவர் போல.

"ஊடு ரோட்டுக்கு அந்தாண்ட கீது, தம்பி. அது தசரதன் ஏரியா. சுடுகாடுதான் என்து. பொணம் அவன்து. நான் வந்து கொடி போத்தினா நாளைக்கு மாவட்டம் என்னக் கேக்கும். நீ தசரதன்கிட்ட பேசு. அவன் போத்தி அனுப்பட்டும். ரோட்டைத் தாண்டினதும் நான் பாத்துக்கறேன்."

தெற்குத் தொகுதிப் பொறுப்பாளர் தசரதனை நேரில் பார்க்க எழிலும் அவன் தாய்மாமன் முனியனும் போனார்கள். முனியன் பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று வண்டியில் மைத்துனரின் படத்தை ஒட்டியிருந்தார். தசரதனின் ஆபீஸ் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் வாசலில் கூட்டம். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் எழில் எதிர்ச் சுவரிலிருந்த படங்களைப் பார்த்தான். ஒரு பழைய படத்தில், மாலை போட்ட வேட்பாளருக்குப் பின்னால், பசை வாளியோடு அப்பா நின்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அரும்பு மீசையில் தசரதன். அந்தப் படத்தைப் பார்த்ததும் காரியம் நடந்துவிடும் என்று எழிலுக்குத் தோன்றியது.

உள்ளே தசரதன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது உண்மைதான். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"எப்டிச் சொல்றதுன்னு தெர்ல, எழிலு. உங்க நைனா இப்ப மெம்பரே கெடையாது."

எழிலுக்குப் புரியவில்லை. தசரதன் மெதுவாகச் சொன்னார். உறுப்பினர் அட்டை புதுப்பிக்கும்போதெல்லாம் உத்தமன் தொகுதி என்ற இடத்தில் ஆலந்தாங்கல் என்று போட்டுக் கொடுத்தார். அப்படி ஒரு தொகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதையே போட்டார். தசரதனே வீடு தேடிப் போய்க் கெஞ்சியிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உத்தமன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாராம். மூன்றாவது தடவைக்குப் பிறகு மேலிடத்தில் பேரை எடுத்துவிட்டார்கள். பல வருஷம் ஆகிறது.

"அவருக்குத் தெரியுமா?" என்றான் எழில்.

"தெரியும்."

தெரிந்துகொண்டேதான் இந்த மனிதர் காலையில் குளித்து, கரை வேட்டி கட்டி, கொடியேற்றங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழிலுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பதும் உடனே நினைவு வந்தது. முனியன்தான் பேசினார்.

"அண்ணாத்தே, நீ போஸ்டர் ஒட்டக் கத்துகினது அவருகிட்ட. சட்டம் பேசாத. எங்க அக்கா சத்தியம் பண்ணிகீது. நீ வந்து போத்துறியா, இல்லியா?"

தசரதன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்றார். ஒன்றே ஒன்று: வாசலில் கட்டியிருக்கும் அஞ்சலி பேனரில் அந்தப் பதவி இருக்கக் கூடாது. இது சீட்டுக் கேட்கிற நேரம். இல்லாத தொகுதிக்குச் செயலாளர் என்ற பேனருக்கு முன்னால் அவர் நிற்கும் போட்டோ மேலே போனால் அவ்வளவுதான்.

எழில் சரி என்றான்.

பேனர் காலையில்தான் வந்திருந்தது. உத்தமனின் சிரித்த முகம், அதன் கீழே பேர், பேருக்குக் கீழே "ஆலந்தாங்கல் தொகுதிச் செயலாளர்". முனியன் ஸ்டூல் போட்டு ஏறி, வெள்ளைத் தாளில் மைதாப் பசை தடவி அந்த வரியின் மேல் ஒட்டினார். அது வழுக்கி வழுக்கி இறங்கியது. மறுபடியும் ஏற்றி அழுத்தினார். பசை உத்தமனின் கழுத்து வரைக்கும் வழிந்தது. பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரி எங்கே இருக்கும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று தெரியும். இத்தனை வருஷமாக எல்லா நோட்டீசிலும் பார்த்திருக்கிறாள்.

"இன்னாத்துக்குடா மூடுற, முனியா?"

"தசரதன் வராருக்கா. கொடி வருது."

அவள் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். "சரி, மூடு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தசரதன் வரும்போது வெயில் இறங்கியிருந்தது. அதற்குள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, வாசலில் பாடையில் கிடத்திவிட்டார்கள். சில்லிட்ட உடம்பில் தண்ணீர் வேர்வை போலப் பூத்துக்கொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. போதாததற்கு ஆளாளுக்குப் பன்னீர் தெளித்தார்கள். நெஞ்சின் மேலிருந்த துணி ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் எலும்பைக் காட்டியது.

காரின் பின்பக்கத்தைத் திறந்து, தசரதனின் டிரைவர் பரத் கொடியை எடுத்துவந்தான். ஊதாவும் மஞ்சளும், பளபளக்கும் பட்டுத் துணி, தங்க ஜரிகை ஓரம். பரணில் கிடந்த மலிவுக் கொடிகளைப் போல இல்லை. விரிக்கும்போது எழில் ஒரு முனையைப் பிடித்தான். ஓர மடிப்பிலிருந்து வாடிய சம்பங்கிப் பூ ஒன்று உதிர்ந்து அவன் விரலில் ஒட்டியது. அவர்கள் வீட்டில் யாரும் சம்பங்கி வாங்கவில்லை. துணியில் வேறு ஏதோ வீட்டு ஊதுவத்தியின் வாசனை இருந்தது. எழில் பூவைக் கையை மூடி மறைத்துக்கொண்டான்.

கொடி கழுத்தளவுக்கு ஏறியது. தசரதன் மாலை வைத்தார், கும்பிட்டார், பரத் போட்டோ எடுத்தான். அப்போதுதான் பஞ்சவர்ணம் அழத் தொடங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து, கட்சியையும் புருஷனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அழுதாள். பார்த்தவர்களுக்கு அது நிம்மதியாக இருந்தது.

தெருமுனை வரைக்கும் பெண்கள் வந்தார்கள். அதற்கு மேல் வரும் வழக்கம் இல்லை. பஞ்சவர்ணம் திரும்பி நடக்கும்போது ஒருமுறை நின்று பார்த்தாள். பாடை உயரத்தில் போனது. ஊதாவும் மஞ்சளும் தெளிவாகத் தெரிந்தன. அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மேளம் முன்னால் போனது. தசரதனின் கார் பின்னால் ஊர்ந்து வந்தது. சப்வேயின் வாசலில், இறக்கம் தொடங்கும் இடத்தில், பரத் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து எழிலின் காதருகில் பேசினான். கொடியைக் கொடுத்துவிட வேண்டும். எழில் அவனைப் பார்த்தான். பரத் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாரிவாக்கத்துல இன்னொருத்தர் தவறிட்டாருண்ணே. ஆறு மணிக்கு எடுக்கறாங்க. நம்மகிட்ட கீறது இது ஒண்ணுதான். அதுவுமில்லாம இதுக்கு அந்தாண்ட நம்ம கொடி போவக் கூடாதாம். அந்தாண்ட திருவேங்கடம் அண்ணன் வேற கொடியோட நிக்கறாராம்."

தூக்கியிருந்தவர்கள் பாடையை இறக்கவில்லை. தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்கள் என்னவென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். மேலே நானூறடி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும் அதிர்வு காலில் ஏறியது. எழில் காரைப் பார்த்தான். தசரதன் பின்சீட்டில் கைபேசியைக் காதில் வைத்திருந்தார், உதடு அசையவில்லை.

"கொடுக்காத, மாப்ள" என்றார் முனியன். "நடங்கடா. இன்னா பண்ணிடுவான் பாக்கலாம்."

எழில் மேற்கே பார்த்தான். சூரியன் டைல்ஸ் கடை போர்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. சண்டை போட நேரம் இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தான். இருந்தது. ஆனால் சண்டை போட்டால் சத்தம் தெருவரைக்கும் போகும். போய்க்கொண்டிருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். அவள் திரும்பி வருவாள். அவன் மாலைகளை நகர்த்தினான். கொடியின் ஒரு முனையை அவன் எடுத்தான், மறுமுனையைப் பரத் எடுத்தான். தரையில் படாமல் மடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்தது கைக்கு வந்தது. விளிம்போடு விளிம்பு சேர்த்து, இருவரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடித்தார்கள். கடைசி மடிப்பைக் கொடுக்கும்போது அது கையில் ஈரமாக, கனமாக இருந்தது. பரத் மன்னிப்புக் கேட்பதைப் போல ஏதோ முனகினான். கார் திரும்பிப் போயிற்று.

சப்வேக்குள் முதல்நாள் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. அதில் இறங்கி நடந்தார்கள். அந்தப் பக்கம் ஏறியபோது யாரும் இல்லை. பாதையின் ஓரத்தில் ஓர் எருமை நின்றது. முனியன் திருவேங்கடத்துக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு முறை போட்டார். எழில் வேண்டாம் என்று சொன்னான்.

குழியருகில் இறக்கி, மாலைகளை எடுத்தபோதுதான் அதைப் பார்த்தார்கள். ஈரத்தில் சாயம் இறங்கியிருந்தது. வெள்ளைக் கோடித் துணியில், நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும், ஊதாவும் மஞ்சளும் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தன. இரண்டும் கலந்த இடத்தில் ஆறிய ரணத்தின் நிறம். வெட்டியான் துணியை உருவிவிடவா, பாவாடை போல அசிங்கமாக இருக்கிறது என்று கேட்டான். எழில் குனிந்து அந்தத் திட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்றான். மண் தள்ளினார்கள். கையைக் கழுவியும் விரலிடுக்கில் ஊதா போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே வந்தான். வாசலில் கால் கழுவத் தண்ணீரோடு அவள் நின்றாள். சொம்பை நீட்டினாள். அவன் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகும் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், கொடியோடத்தான் போனார் என்று சொல்கிறாள். அந்த நேரத்தில் எழில் அறையில் இருந்தால் எழுந்து வெளியே போகிறான். தசரதனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. வேறு கட்சியோடு பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. திருவேங்கடம் அன்று தனக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி அனுப்பினார். பரத் டிரைவர் வேலையை விட்டுவிட்டு வேப்பம்பட்டில் டிபன் கடை வைத்திருக்கிறான். முனியனின் ஆட்டோவில் படம் வெயிலில் வெளுத்து, இப்போது கண்ணாடியும் மீசையும் மட்டும் தெரிகின்றன. பஞ்சவர்ணம் ரோட்டுக்குத் தெற்கே இருக்கிறாள். உத்தமன் வடக்கே இருக்கிறார். நடுவில் இரவும் பகலும் லாரிகள் போகின்றன.